புதுத் தொட்டியில் சாகும் மீன்கள்

புதுமனை புகுந்த சில நாட்களுக்குள் வரவேற்பறையின் வடகிழக்கு மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டியை அமர்த்தி, அதில் எட்டுத் தங்கமீன்களையும் ஒரு கறுப்பு மீனையும் விட்டு வளர்த்தால் அந்த இல்லத்துக்கு க்ஷேமம் உண்டாகும் என்ற எண்ணம், வாஸ்துவின் பெயராலும் சீன சாஸ்திரத்தின் பெயராலும், நம்மிடையே வெகுவாகப் பரவியிருக்கிறது. அப்படி விடப்பட்ட மீன்களில் ஒன்றிரண்டு முதல் வாரத்திலேயே வயிறு மேலாக மிதக்கக் காணும்போது, குழந்தைகள் அழ, வீட்டிலுள்ள பெரியவர்கள், "நமக்கு வர இருந்த கண்டம் மீனோடு போயிற்று" என்று சொல்லித் தேற்றுகிறார்கள். துக்க வேளையில் மனிதர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் ஆறுதலை இகழ்ந்து பேசுவது என் நோக்கமன்று. ஆயினும், அந்த ஆறுதல் வாக்கியம் ஒரு விசாரணையை, அது தொடங்குவதற்கு முன்னரே முடித்துவைத்து விடுகிறது என்பதும், அதன் பயனாக மறுநாளே மேலும் இரண்டு மீன்கள் வாங்கப்பட்டு அதே தண்ணீரில் விடப்பட்டு அதே கதியை அடைகின்றன என்பதும் உண்மையாக இருப்பதால், அந்த மீன்கள் எதனால் இறந்தன என்பதைப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டியது அவசியமாகிறது.

அவை பெரும்பாலும் அம்மோனியா என்னும் விஷத்தால் இறந்தன. அந்த விஷத்தைத் தொட்டிக்குள் வெளியார் எவரும் கொண்டுவந்து ஊற்றவில்லை. மீன்களே அதை உண்டாக்கின. நாம் இட்ட தீனியிலுள்ள புரதம் மீனின் உடலுக்குள் சென்று செரித்தபின், எஞ்சும் நைட்ரஜனில் பெரும்பகுதி, மீன் எந்தச் செவுள்களால் சுவாசிக்கிறதோ அந்தச் செவுள்களின் வழியாகவே அம்மோனியாவாக நீரில் கலந்துவிடுகிறது. உண்ணப்படாமல் கூழாங்கற்களுக்கிடையில் கிடந்து அழுகும் தீனியும் மீனின் கழிவும் அந்த அளவை மேலும் கூட்டுகின்றன. ஏரியிலும் குளத்திலும் ஆற்றிலும் இதே காரியம் இடைவிடாது நடந்தாலும், அங்கே கல்லிலும் மணலிலும் செடியின் தண்டிலும் படிந்து வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களில் ஒரு வகுப்பார் அம்மோனியாவை உண்டு நைட்ரைட்டாக மாற்றவும், மற்றொரு வகுப்பார் அந்த நைட்ரைட்டை உண்டு, அதனினும் எத்தனையோ மடங்கு சாதுவான நைட்ரேட்டாக மாற்றவும் செய்வதால், மீன்கள் தம் கழிவில் தாமே மூழ்கிச் சாகாமல் பிழைக்கின்றன. நேற்றுக் கடையிலிருந்து வந்த கண்ணாடித் தொட்டியிலோ, கழுவித் துடைத்த கூழாங்கல்லிலோ, உறை பிரித்த ஃபில்டரிலோ இந்தக் குடிகள் இல்லை. அவை குடியேறிப் பெருகுவதற்கு மூன்று வாரம் முதல் ஆறு வாரம் வரை ஆகும். சாதாரண அழுகற் கிருமிகள் அரைமணிக்குள் இரண்டாகப் பெருகிவிடும்போது, இவை இரட்டிப்பதற்கு அரை நாளோ ஒரு நாளோ, சில சமயம் அதற்கு மேலுங்கூட வேண்டியிருக்கிறது.

இந்த இடைக்காலத்தில் நிகழ்வதை ஒருமுறை கூர்ந்து கண்டவர் மறக்கமாட்டார். இரண்டாம் மூன்றாம் நாளில் தண்ணீர் பால் கலந்ததுபோல் லேசாக வெளுக்கும். அது அழுகற் கிருமிகளின் பெருக்கம், தானே தெளிந்துவிடும். தெளிந்த பின்னர்தான், எல்லாம் சரியாகிவிட்டது என்று வீட்டார் நிம்மதி கொள்ளும் வேளையில்தான், அபாயம் உச்சத்தை நோக்கி ஏறுகிறது. அம்மோனியாவுக்கு நிறமில்லை. ஆதலால் பளிங்குபோன்ற நீரில், மீன்கள் மேற்பரப்பிலேயே கூடி நின்று வாயைக் குவித்துக் குவித்துக் காற்றுக்குத் தவிக்கும். செவுள் மூடிகள் படபடவென்று அடித்துக்கொள்ள, அவற்றினடியில் செவுள்கள் வழக்கத்தைவிடச் சிவந்து தெரியும். விசிறிபோல் விரிந்திருக்க வேண்டிய துடுப்புகள் உடலோடு ஒட்டிக்கொள்ளும். ஆவலோடு தீனியைக் கவ்விய மீன் அடுத்த கணமே அதை உமிழ்ந்துவிடும். பார்ப்பவர் பிராணவாயு போதவில்லை என்று எண்ணி ஏர் பம்பை வேகப்படுத்துவார். அதனால் கேடில்லை, கொஞ்சம் நன்மையும் உண்டு. ஆனால் நோயின் மூலம் அங்கே இல்லை.

அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்களைப் பற்றிய ஞானம் உலகுக்கு எப்படிக் கிடைத்தது என்ற வரலாற்றில் ஒரு தந்தைக்கும் மகனுக்கும் அமைந்த தொடர்பு எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர் 1849-இல் ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் வைத்து, செடியின் இலைகள் அழுகி நீர் கெடத் தொடங்கியதும் குளத்து நத்தைகளையும் அதில் சேர்த்து, செடி பிராணவாயுவைத் தர, மீன் கரியமில வாயுவைத் தர, நத்தை அழுகலைத் தின்ன, ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ஒரு சிறு உலகத்தை அமைத்துக் காட்டி, அதை 1850-இல் ரசாயனச் சங்கத்தாருக்கு விவரித்தார். வீட்டு மீன்தொட்டி என்ற கலை ஐரோப்பாவில் அவர் போன்றவர்களின் முயற்சியால்தான் பரவியது. அவருடைய கணக்கில் வாயுக்கள் இடம்பெற்றன. அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் இடம்பெறவில்லை, ஏனெனில் அக்காலத்தில் அவற்றை எவரும் அறிந்திலர். 1877-இல் பிரான்ஸில் ஷ்லோசிங், முண்ட்ஸ் என்ற இருவர், சாக்கடை நீரை மணலும் சுண்ணமும் நிரம்பிய நீண்ட குழாயில் மெல்ல வடியவிட்டு, அதன் அம்மோனியா நைட்ரேட்டாக மாறி வெளிவருவதையும், குளோரோபாரம் ஆவியைச் செலுத்தியதும் அந்த மாற்றம் நின்றுபோவதையும் கண்டு, இது உயிருள்ளவற்றின் வேலையே என்று நிறுவினார்கள். அதைத் தொடர்ந்து இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில், அம்மோனியா நைட்ரைட்டாவதும் நைட்ரைட் நைட்ரேட்டாவதும் இருவேறு படிகள், இருவேறு உயிர்களின் தொழில்கள் என்பதைப் பொறுமையோடு ஆராய்ந்து காட்டியவரின் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். அவர் அந்த மீன்தொட்டி வாரிங்டனின் மகன். தந்தையின் தொட்டியில் கண்ணுக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருந்த வேலையை, வயல் மண்ணை ஆராயப் புகுந்த மகன் கண்டறிந்தார். 1890-இல் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி அவ்வுயிர்களைத் தனியே பிரித்தெடுத்து வளர்த்தபோது அந்தத் தேடல் முடிவுற்றது.

முற்றிலும் முடிந்ததா என்றால், இல்லை. 2005-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துக் காட்சிச்சாலையின் கடல்நீர்த் தொட்டியொன்றிலிருந்து, பாக்டீரியா வகுப்பையே சேராத, ஆர்க்கியா என்ற பழம்பெரும் வகுப்பைச் சேர்ந்த அம்மோனியா உண்ணி ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். 2015-இல், இரண்டு படிகளையும் ஒரே உயிர் தனித்து நின்று செய்து முடிப்பதும் உண்டு என்று தெரியவந்தது; அவ்வுயிரின் இருப்பிடங்களில் ஒன்று, மீன் வளர்ப்புத் தொட்டிகளோடு இணைந்த வடிகட்டி. நம் வீட்டுக் கூடத்தில் சலசலத்து ஓடும் அந்தச் சிறு ஃபில்டருக்குள், பண்டிதர்கள் இன்னமும் தேடிக்கொண்டிருக்கும் விஷயங்கள் இருக்கின்றன.

இனி, விவாதத்துக்குரிய கேள்விக்கு வருவோம். இப்படி நீர் பண்படுவதற்கு முன்பே மீன்களை விடுவது தகுமா? மேல்நாட்டு மீன் வளர்ப்பாளர்களில் பலர், தொட்டியை மீனில்லாமல் நிறுத்தி, சுத்தமான அம்மோனியாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி, நுண்ணுயிர்கள் பெருகியது பரீட்சையில் உறுதியான பின்னரே மீன் வாங்க வேண்டும் என்றும், மீனை வைத்தே நீரைப் பண்படுத்துவது கொடுமை என்றும் சொல்கிறார்கள். பொறுமையும் வசதியும் உடையவர்கள் அவ்வாறே செய்யட்டும். அதைக் காட்டிலும் சிறந்த வழியில்லை. ஆனால் நம் நாட்டு இல்லங்களில், வாசனையும் சோப்பும் கலவாத அம்மோனியாக் கரைசல் அண்டை அயல் கடைகளில் கிடைப்பதில்லை. தொட்டியும் மீனும் ஒரே ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரே ஆட்டோவில் வந்து இறங்குகின்றன. வந்து இறங்கிய மீனைத் திருப்பிக் கொடு என்று சொன்னால் கேட்பவர் இல்லை. கொடுமை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றால், அந்த வீட்டு மீனுக்கு அதனால் விளையும் பயன் என்ன? மீன் தொட்டிக்குள் வந்துவிட்டது. அதன் உயிருக்கு நாம் பொறுப்பாகிவிட்டோம். இந்த ஆறு வாரத்தையும் அது துன்பமின்றிக் கடக்க வழி உண்டு. அந்த வழியை ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிவிக்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

வழி, பெரும்பாலும் ஒரு கணக்கு. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டியில் சுமார் 50 லிட்டர் நீர் நிற்கும். மீன் பண்ணையாளர்கள் கையாளும் பொதுக் கணக்கின்படி ஒரு கிராம் தீனி ஏறத்தாழ 30 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனாக நீரில் சேர்கிறது. ஒன்பது மீன்களுக்குக் குழந்தைகள் ஆசையோடு மூன்று வேளையும் தூவும் குருணை ஒரு கிராம் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு லிட்டருக்கு 0.6 மில்லிகிராம் ஏறுகிறது. ஐந்து நாளில் 3 மில்லிகிராம். நாள்தோறும் நீரில் பாதியை வெளியேற்றிப் புதுநீர் ஊற்றி வந்தால், அந்த அளவு எத்தனை நாள் சென்றாலும் 1.2-க்கு மேல் ஏறமாட்டாது. கால்பங்கு மட்டும் மாற்றினால் 2.4 வரை ஏறி நிற்கும். ஒன்பது மீனுக்குப் பதில் இரண்டு மூன்று சிறு மீன்களோடு தொடங்கி, தீனியைக் கால் கிராமாகக் குறைத்து, நாள்தோறும் பாதி நீரையும் மாற்றினால், உச்ச அளவே 0.3-தான். மருந்தும் மந்திரமும் இல்லாமல், ஒரு வாளியையும் ஒரு ரப்பர் குழாயையும் கொண்டே இதைச் சாதிக்கலாம். தீனியைக் குறைத்தால் மீன் பட்டினியால் வாடுமே என்று தாய்மார்கள் அஞ்ச வேண்டியதில்லை. நல்ல நிலையிலுள்ள வளர்ந்த மீன் ஒருநாள் விட்டு ஒருநாள் உண்டாலும் நலமாக இருக்கும்.

அடிக்கடி நீர் மாற்றினால் நுண்ணுயிர்களும் வெளியேறிவிடும், நீர் பண்படவே பண்படாது என்று கடைக்காரர்கள் பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இது தவறான கருத்து. எத்தனையோ மீன்களின் உயிரைக் குடித்த கருத்து. அந்த நுண்ணுயிர்கள் நீரில் மிதந்து வாழ்பவை அல்ல. ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லின் மேலும் பசைபோல ஒட்டி வாழ்பவை. நீரை மாற்றுவதால் அவற்றுக்கு நஷ்டமில்லை. நஷ்டம் வருவது, வாரமொரு முறை தொட்டி முழுவதையும் காலி செய்து, கல்லையும் ஸ்பாஞ்சையும் குழாயடியில் வைத்துத் தேய்த்துக் கழுவும் அந்தச் 'சுத்தத்தினால்'. குழாய் நீரிலுள்ள குளோரின் அவற்றைக் கொல்ல, தொட்டி மீண்டும் முதல் நாளுக்குத் திரும்பிவிடுகிறது. ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே இரண்டு தடவை அலசிப் பிழிந்தால் போதும். அவ்வாறே, சத்தம் தாங்கவில்லை என்றோ மின்சாரம் வீணாகிறது என்றோ இரவில் மோட்டாரை நிறுத்திவைக்கும் வழக்கமும் பொல்லாதது. இவ்வுயிர்கள் பிராணவாயுவைப் பெருமளவில் செலவிட்டு வேலை செய்பவை. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற நாலரை கிராமுக்கு மேல் பிராணவாயு வேண்டும். ஓடாத ஃபில்டருக்குள் அவை மூச்சுமுட்டி மடிகின்றன.

இங்கே நம் ஊர் நீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அம்மோனியா எல்லா நீரிலும் ஒரே அளவு கொல்வதில்லை. நீரில் அது இரண்டு உருவங்களில் உலவுகிறது. ஒன்று செவுளை ஊடுருவிக் கொல்லும், மற்றொன்று அவ்வளவாகத் தீங்கு செய்யாது. எந்த உருவம் எவ்வளவு என்பதை நிர்ணயிப்பவை நீரின் பி.எச். அளவும் உஷ்ணமும். நம் கோடைக்காலத்து 30 டிகிரி நீரில், பி.எச். 7-ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூடக் கொல்லும் உருவில் இராது, பி.எச். 8-ஆனால் ஏழெட்டுப் பங்கு அவ்வுருவை எடுத்துவிடும். சென்னை வாசியின் வீட்டில் ஒரே ஆண்டுக்குள் செம்பரம்பாக்கத்து நீரும் கடல்நீரைக் குடிநீராக்கிய நீரும் லாரி நீரும் போர் நீரும் மாறி மாறி வருகின்றன. போர் நீர் பல இடங்களில் உப்பும் சுண்ணமும் நிறைந்து காரமாக இருக்கிறது. பக்கத்து வீட்டில் பிழைத்த மீன் நம் வீட்டில் ஏன் சாகிறது என்ற புதிருக்கு, ராசியைத் தேடிப் போகாமல் இங்கே விடை தேடலாம். போர் நீருக்கு அஞ்சிச் சிலர் கேன் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ ஊற்றுகிறார்கள். அதில் வேறொரு இடர் உண்டு. நுண்ணுயிர்கள் வேலை செய்யும்போது நீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே போகும். காரமே இல்லாத நீரில் பி.எச். சரிந்து, 6-க்குக் கீழே போனதும் அவற்றின் வேலை ஏறக்குறைய நின்றுவிடும். இரண்டையும் கலந்து ஊற்றுவது பல வீடுகளுக்கு ஒத்துவரும். மாநகராட்சிக் குழாய் நீரோ லாரி நீரோ ஆனால், கடையில் ஆன்ட்டி குளோரின் என்று விற்கும் தயோசல்பேட் கரைசலைச் சொட்டுவிட்டோ, வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்தோ குளோரினைப் போக்காமல் ஊற்றலாகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அளந்து பார்க்க வேண்டும். அம்மோனியாவைச் சோதிக்கும் திரவப் பெட்டி ஒன்றை வாங்கினால், செத்த மீன்களுக்குப் பதிலாக மீண்டும் மீண்டும் மீன் வாங்கச் செலவழியும் பணம் மிஞ்சும். ஒரு சிறு கண்ணாடிக் குழலில் ஐந்து மில்லி தொட்டி நீரை எடுத்து, அந்தப் பெட்டியிலுள்ள இரண்டு குப்பிகளிலிருந்தும் எட்டெட்டுச் சொட்டுவிட்டுக் குலுக்கி, ஐந்து நிமிஷம் பொறுத்தால், அம்மோனியா இல்லாத நீர் மஞ்சளாகவே நிற்கும். இருந்தால் இளம்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை, அளவுக்கேற்ப நிறம் ஏறும். அந்தக் குழலை வெண்தாளில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பத்து வயதுக் குழந்தையும் செய்யக்கூடிய காரியம். செய்ய விடவும் வேண்டும். பள்ளிப் பாடத்தில் நைட்ரஜன் சுழற்சியைப் பயறுச் செடியின் வேர்முடிச்சைப் படமாக வரைந்து மனனம் செய்யும் மாணவனுக்கு, அதே சுழற்சி தன் வீட்டுக் கூடத்தில் நாளொரு நிறமாக நடந்தேறுவதைக் காட்டுவதற்கு இதைவிட நல்ல சாதனம் எது? பச்சை தென்பட்ட நாளில் நீரை மாற்றுவது, மஞ்சளாயிருந்த நாளில் விட்டுவிடுவது என்று அவனே விதி வகுத்துக்கொள்வான்.

இரண்டாம் மூன்றாம் வாரத்தில் அம்மோனியா இறங்கத் தொடங்கியதும் நைட்ரைட் தலையெடுக்கிறது. பலர் ஏமாறுவது இங்கேதான். அம்மோனியா போயிற்று என்று மகிழ்ந்து புதிய மீன்களை வாங்கி விட, அவையும் பழையவையும் சேர்ந்து தவிக்கின்றன. நைட்ரைட், செவுள் வழியே இரத்தத்தில் புகுந்து, பிராணவாயுவைச் சுமக்கும் செம்பொருளைப் பழுதாக்குகிறது; அப்போது செவுள்கள் சிவப்பு மாறிப் பழுப்பாகின்றன; நீரில் பிராணவாயு நிறைந்திருந்தும் மீன் மூச்சுக்குத் திணறுகிறது. இதற்குக் கைகண்ட உதவி நம் சமையலறையிலேயே இருக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுளுக்குள் நுழையும் அதே வாயிலில் முந்திக்கொண்டு நிற்பதால், 50 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் ஐந்து கிராம் உப்பைக் கரைத்து விட்டால், விஷம் உட்புகுவது பெருமளவு தடைப்படும். இவ்வளவு சிறிய அளவு எந்தச் சாதாரண அலங்கார மீனையும் வருத்தாது. நீர் மாற்றும்போது வெளியேறிய நீருக்குத் தக்கபடி உப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உப்பு நைட்ரைட்டை அழிப்பதில்லை என்பதையும், வாளியையும் குழாயையும் அது விலக்கிவிடாது என்பதையும் மறக்கலாகாது.

மீன் சோர்ந்தவுடன் நீல மருந்தை ஊற்றும் பழக்கத்தை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். மெத்திலீன் நீலம் சில நோய்களுக்கு நல்ல மருந்துதான். ஆனால் புதுத் தொட்டியில் அரும்பத் தொடங்கிய நுண்ணுயிர்க் கூட்டத்தையும் அது சேர்த்துச் சிதைத்துவிடும். கழிவால் நஞ்சூட்டப்பட்ட மீனுக்கு மருந்தூற்றுவதைக் காட்டிலும் நல்ல நீர் ஊற்றுவதே வைத்தியம். குப்பியில் அடைத்து விற்கும் நுண்ணுயிர்களைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். இந்த நைட்ரஜன் உண்ணிகள் வித்துறைக்குள் உறங்கிக் கிடக்கும் ஜாதியல்ல. ஆகவே வெயில் காயும் கிடங்கிலும் பார்சல் வண்டியிலும் மாதக்கணக்கில் கிடந்த குப்பியில் அவை எவ்வளவு உயிரோடிருக்கும் என்பதை வாங்குபவர் எவ்வாறு அறிவார்? நல்லவை இருக்கலாம், அளந்து பார்க்காமல் நம்பி மீன்களை நிறைத்துவிடக் கூடாது. தொட்டியின் வாயில் நீருக்குள் வேர்விடும்படி வைக்கும் ஒரு மணி பிளான்ட் கொடியோ, வேகமாக வளரும் ஏதேனும் நீர்ச்செடியோ அம்மோனியாவைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். அது நிச்சயமான உதவி, விலையும் அற்பம்.

ஆயினும், இத்தனை வாரக் காத்திருப்பையும் வெகுவாகக் குறுக்கும் வழி ஒன்று உண்டு; அது ஏற்கெனவே மீன் விற்கும் ஒவ்வொரு கடையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. மாதக்கணக்கில் ஓடிய தொட்டியின் ஸ்பாஞ்சில் நமக்குத் தேவையான நுண்ணுயிர்கள் முழுக் கூட்டமாக வாழ்கின்றன. பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் வாங்கிப் பால் முழுவதையும் தயிராக்கும் நம் பெண்களுக்கு, அந்தப் பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டைப் புதுத் தொட்டியின் ஃபில்டருக்குள் வைத்தால் என்ன நடக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அப்படி வைத்தும் அளந்து பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஆறு வாரம் என்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரமாகச் சுருங்கும். ஸ்பாஞ்சோடு வெள்ளைப்புள்ளி முதலிய நோய்கள் தொற்றாதா என்று கேட்பது நியாயமே. ஆயினும் மீனை வாங்கிய அதே கடையிலிருந்து ஸ்பாஞ்சையும் வாங்கினால், அந்த அபாயத்தை நாம் மீனோடு முன்னமேயே ஏற்றுவிட்டோம். புதிதாக ஒன்றும் சேர்வதில்லை.

சென்னைக் கொளத்தூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் அலங்கார மீன்களை வளர்த்தும் விற்றும் ஜீவனம் செய்யும் குடும்பங்கள் ஏராளம். அவர்களிடம் அனுபவ ஞானத்துக்குக் குறைவில்லை. புதிதாகக் கட்டிய சிமெண்ட் தொட்டியில் அவர்கள் உடனே மீன் விடுவதில்லை. வாழை மட்டையைப் போட்டு ஊறவைத்து, பலமுறை நீர் மாற்றி, சுவரில் பாசி படிந்த பின்னரே விடுகிறார்கள். தம் தொட்டிக்குக் காட்டும் இந்தப் பொறுமையை, தம்மிடம் தொட்டி வாங்க வருபவருக்கும் கற்பிக்கும் கடமை அவர்களுக்கு உண்டு என்று நான் கருதுகிறேன். ஒன்பது மீன் கேட்பவருக்கு இன்று மூன்று கொடுத்து, மிச்சத்தை அடுத்த மாதம் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லும் வியாபாரி, அன்றைய லாபத்தில் கொஞ்சம் இழந்தாலும், மீன் செத்து மனம் வெறுத்து, தொட்டியையே பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டுவிடும் வாடிக்கைக்காரரை இழக்கமாட்டார். 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், மனிதரல்லாத எந்த உயிரினத்தையும் பிராணி என்றே வரையறுத்து, அதைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலத்துக்கு நியாயமான ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்று விதிக்கிறது. மீனும் அந்த வரையறைக்குள் அடங்கும். ஆனால் இதைச் சட்டத்தின் கையில் விடுவதைவிட வியாபாரிகளின் மனச்சாட்சியிடம் விடுவதையே நான் விரும்புகிறேன்.

நாகப்பட்டினத்திலுள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்தாரும் மாநில மீன்வளத் துறையினரும், இறாலுக்கும் கெண்டைக்கும் வெளியிடும் துண்டுப் பிரசுரங்களைப் போல, புதிய வீட்டுத் தொட்டியின் முதல் ஆறு வாரங்களைப் பற்றி எளிய தமிழில் ஒரே ஒரு பக்கம் அச்சிட்டு, மீன் கடைகள்தோறும் கொடுத்துவைத்தால் எவ்வளவு உபகாரமாக இருக்கும்! எத்தனை மீன், எவ்வளவு தீனி, எப்போது நீர் மாற்றுவது, எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்ற நாலு விஷயங்களுக்கு அந்த ஒரு பக்கம் தாராளம். கடைக்காரர்களிடம் நான் கேட்பதும் பெரிய காரியமன்று. மீன் நிறைந்த ஒரு பழைய தொட்டியில் பத்திருபது ஸ்பாஞ்ச் ஃபில்டர்களை எப்போதும் ஓடவிட்டு வைத்திருங்கள். புதுத் தொட்டி வாங்குபவர் எவராயினும், தொட்டி நீர் ததும்பும் பையில் அவற்றில் ஒன்றைப் போட்டு மீனோடு சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள். அதற்கு இரட்டிப்பு விலை சொன்னாலும் விவரமறிந்தவர்கள் முகஞ்சுளிக்காமல் தருவார்கள்.